மூளை பிறகு வரும்: டெஸ்லா ஹார்ட்வேர் 3 கணக்கும் காத்திருக்கும் கார்க்காரர்களும்

2016 அக்டோபர் 19 அன்னைக்கு டெஸ்லா ஒரு அறிவிப்பு வெளியிட்டுச்சு. இனிமே எங்க தொழிற்சாலையிலிருந்து வெளிய வர்ற ஒவ்வொரு காரிலும், அது தன்னைத்தானே முழுசா ஓட்டிக்கத் தேவையான ஹார்ட்வேர் எல்லாம் இருக்கும், பாக்கி சாஃப்ட்வேர் அப்டேட்ல வரும் என்பதுதான் அதோட சாரம். இதை நம்பி அமெரிக்காவுல பலர் காரோட விலைக்கு மேல 8,000 டாலர் கட்டினாங்க. மேம்பட்ட ஆட்டோபைலட்டுக்கு 5,000, முழுத் தானியங்கி ஓட்டத்துக்கு 3,000.

அன்னைக்கு காருக்குள்ள இருந்தது 2-ஆம் தலைமுறைக் கணினி. 2017-ல் 2.5 வந்துச்சு. 2019-ல் 3 வந்துச்சு. 2023-ல் 4 வந்துச்சு. ஒவ்வொரு முறையும் பழைய கணினி வச்சிருந்தவங்க கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "ஏற்கெனவே எல்லாம் இருக்குன்னு சொன்னீங்களே?"

இந்தக் கட்டுரை ஒரு நிறுவனத்தைத் திட்ட எழுதினது இல்லை. ஹார்ட்வேரை இன்னைக்கு வித்துட்டு, அது செய்யவேண்டிய வேலையை நாளைக்கு எழுதுறோம்னு சொன்னா பொறியியல்ல என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாக்க இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடைக்காது. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் ரெண்டும் படிச்சிருந்தா போதும். கால்குலேட்டர் பக்கத்துல வச்சுக்கோங்க.

முதல்ல ஒரு சொல் விளக்கம், சீக்கிரமா முடிச்சுடலாம். எஸ்.ஏ.இ. அமைப்பு தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை பிரிச்சிருக்கு. 2-ஆம் நிலைன்னா காரே ஸ்டியரிங்கும் பிரேக்கும் பாத்துக்கும், ஆனா கண்ணும் பொறுப்பும் உங்களோடது. 3-லேர்ந்துதான் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமா வண்டிப் பக்கம் நகரும். டெஸ்லா இன்னைக்கு விக்கிறது 2-ஆம் நிலைதான். 2024-ல் அவங்களே பேருக்குப் பின்னாடி 'மேற்பார்வையுடன்' என்ற சொல்லைச் சேத்துட்டாங்க. சில கம்பெனிகள் போடுற '2 பிளஸ்' என்பது எஸ்.ஏ.இ. பட்டியல்ல இல்லவே இல்ல. அது மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட் கண்டுபிடிச்ச நிலை.

ஹார்ட்வேர் 3: உள்ள என்ன இருக்கு?

2019 ஏப்ரல் 22-ல் டெஸ்லா தன் சொந்த சிப்பை மேடையேத்தி விளக்கிச்சு. சாம்சங்கோட 14 நானோமீட்டர் முறையில தயாரான சிப், 260 சதுர மில்லிமீட்டர், 600 கோடி டிரான்சிஸ்டர். ஒரு போர்டுல ரெண்டு சிப். ஒவ்வொரு சிப்புக்குள்ளயும் நியூரல் நெட்வொர்க்குக்குன்னே தனியா ரெண்டு பிராசஸர் யூனிட். ஒவ்வொரு யூனிட்லயும் 96-க்கு 96 கட்டமா பெருக்கிக் கூட்டுற சர்க்யூட், ஓடுற வேகம் 2 கிகாஹெர்ட்ஸ்.

இப்போ கணக்கு. 96 × 96 = 9,216. ஒவ்வொண்ணும் ஒரு துடிப்புல ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஆக 2 வேலை. 9,216 × 2 × 200 கோடி போட்டா நொடிக்கு சுமார் 36.9 லட்சம் கோடி வேலைகள். இதைத்தான் 36.9 டாப்ஸ்னு சொல்றாங்க. சிப்புக்கு ரெண்டு யூனிட், ஆக சுமார் 73. போர்டுக்கு ரெண்டு சிப், ஆக 144-ஐ ஒட்டி வருது. விளம்பரத்துல வந்த எண்ணும் 144 டாப்ஸ்தான். நாமளே நோட்டுல போட்டு வரவைக்க முடியுற விளம்பர எண் அபூர்வம், அதனால இதைப் பாத்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனா இங்கயே ஒரு கொக்கி இருக்கு. ரெண்டு சிப் வச்சதுக்கு அவங்க சொன்ன காரணம் பாதுகாப்பு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காரை ஓட்டணும், ரெண்டும் தனித்தனியா முடிவெடுத்து ஒப்பிட்டுப் பாக்கணும். அப்படின்னா உண்மையில ஒரு மாடல் ஓடுறதுக்குக் கிடைக்கிறது 72 டாப்ஸ்தான். 144-ஐயும் செலவழிச்சா மாற்று ஏற்பாடு காலி. ஜெனரேட்டர் இருக்குங்கிற தைரியத்துல அதையும் சேத்து லோடு போட்ட மாதிரி.

அடுத்தது மெமரி. கிளாஸ்ல டாப்ஸைப் பத்திப் பேசுற அளவுக்கு இதைப் பத்தி நாம பேசுறதில்ல, ஆனா பிரச்சனை பெரும்பாலும் இங்கதான். ஹார்ட்வேர் 3-ல் இருக்கிறது எல்.பி.டி.டி.ஆர்.4 மெமரி. 128 பிட் அகலம்னா 16 பைட். நொடிக்கு 426.6 கோடி பரிமாற்றம். பெருக்கினா நொடிக்கு சுமார் 68 ஜி.பி. கேமரா நொடிக்கு 36 படம் எடுக்குது. ஒவ்வொரு படத்துக்கும் நெட்வொர்க்கோட எடைகள் முழுசையும் ஒரு தடவை மெமரியிலிருந்து படிக்கணும்னு வச்சுக்கிட்டா, 68-ஐ 36-ஆல வகுங்க. 1.9 ஜி.பி. ஒரு எடைக்கு 8 பிட்னா, 190 கோடி எடைகளுக்கு மேல அந்தக் குழாய் வழியா போகாது. அதுவும் மெமரி வேற எந்த வேலையும் பாக்காம இருந்தா. நடைமுறையில இதுல பாதி கிடைச்சாலே பெரிய விஷயம்.

2019-ல் இது தாராளமா தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியா சின்னச் சின்ன நெட்வொர்க், முடிவெடுக்கிற பகுதி பெரும்பாலும் மனுஷங்க கையால எழுதின நிரல். 2024-ல் வந்த 12-ஆம் பதிப்புல அந்தக் கைநிரலைப் பெருமளவு தூக்கிட்டு, கேமரா படத்திலிருந்து ஸ்டியரிங் வரைக்கும் நெட்வொர்க்கே பாத்துக்கிற முறைக்கு மாறினாங்க. மாடல் பெருசாச்சு, குழாய் அதே குழாய். 4-ஆம் தலைமுறையில ஜி.டி.டி.ஆர்.6 மெமரி வச்சதுக்குக் காரணம் இதுல தெரியும். அது கேமிங் கிராஃபிக்ஸ் கார்டுல இருக்கிற வகை.

நோணாங்குப்பத்துல ஒரு வலது திருப்பம்

பாண்டியிலிருந்து அரியாங்குப்பம் தாண்டி கடலூர் சாலையில வந்தா எங்க ஊர். சுண்ணாம்பாறு படகுத்துறையால எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு கிளைத் தெருவுலேர்ந்து கடலூர் சாலைக்கு வலது பக்கமா திரும்பணும்னு வச்சுக்கோங்க. முதல்ல வலப்பக்கத்திலேர்ந்து வர்ற வண்டிகளைக் குறுக்க கடக்கணும், அப்புறம் இடப்பக்கத்திலேர்ந்து வர்றதோட சேந்துக்கணும். ஹெட்லைட் இல்லாத பைக், ரோட்டுல நிதானமா நடக்கிற குடும்பம், தப்பான பக்கத்துல வர்ற ஷேர் ஆட்டோ எல்லாம் போனஸ்.

மனுஷன் இங்க என்ன செய்வான்? சீட்ல முன்னால சாஞ்சு, கழுத்தை நீட்டி எட்டிப் பாப்பான். காரோட பக்கவாட்டுக் கேமரா நடுத்தூண்ல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், அதுக்கு எட்டிப் பாக்க வழியில்ல. டெஸ்லா அந்தப் பக்கவாட்டுக் கேமராவுக்குச் சொன்ன பார்வைத் தூரம் 80 மீட்டர். வர்ற வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்துல வந்தா நொடிக்கு 22.2 மீட்டர். 80 மீட்டரைக் கடக்க 3.6 நொடி. நின்ன இடத்திலேர்ந்து கிளம்பி ஒரு பாதையைக் கடந்து திரும்ப 5 நொடியாவது ஆகும். அதாவது கேமராவுக்கு எதுவும் தெரியலன்னு கார் நம்பிக் கிளம்பின பிறகு, பைக் வந்துடும்.

பிக்சல் கணக்கையும் பாத்துடுவோம். ஹார்ட்வேர் 3 கேமரா 1280-க்கு 960, அதாவது 1.2 மெகாபிக்சல். நம்ம கையில இருக்கிற போனோட செல்ஃபி கேமராவே இதைவிட எத்தனையோ மடங்கு. 90 டிகிரியை 1280 பிக்சல்ல பிரிச்சா ஒரு பிக்சலுக்கு 0.07 டிகிரி. 80 மீட்டர் தள்ளி வர்ற, 0.8 மீட்டர் அகலமுள்ள பைக் 0.57 டிகிரி இடம் பிடிக்கும். ஆக அது வெறும் 8 பிக்சல். மழைக்காலத்துல, எதிர்ல லாரி ஹை பீம் போட்டுட்டு வரும்போது, அந்த 8 பிக்சல் பைக்கா பனைமரமான்னு சொல்லணும். 4-ஆம் தலைமுறைக் கேமரா சுமார் 5 மெகாபிக்சல், கிடைவாக்குல ஏறக்குறைய 2,900 பிக்சல். அதே பைக் இப்போ 18 பிக்சல். சாஃப்ட்வேர் எவ்வளவு புத்திசாலியா இருந்தாலும் சென்சார்லயே பதியாத தகவலை அது எங்கேர்ந்து கொண்டுவரும்?

முன்னால பாக்கிற கேமராக்கள்ல தூரத்துக்குன்னு ஒரு குறுகலான லென்ஸ் தனியா இருக்கு, 250 மீட்டர் வரைக்கும்னு சொல்றாங்க. அதனால நேர் ரோட்டுல இந்தப் பிரச்சனை அவ்வளவா தெரியாது. பக்கவாட்டுக்கு அந்தத் துணை கிடையாது. ஒரு முழு நெடுஞ்சாலை டெமோவைப் பாத்து அசந்துபோறவங்க, இந்த மாதிரி ஒரு டி-சந்திப்புல அது என்ன செய்யுதுன்னு கேக்கணும்.

போர்டைக் கழட்டி மாத்த என்ன கஷ்டம்?

2-லேர்ந்து 3-க்கு மாறினப்போ டெஸ்லா ஒரு நல்ல வேலை செஞ்சுது. புது போர்டு பழைய இடத்துலயே உக்காரும்படி வடிவமைச்சாங்க. முழுத் தானியங்கிக்குப் பணம் கட்டினவங்களுக்கு இலவசமாவே மாத்திக் கொடுத்தாங்க. ஆனா 2021 ஜூலையில மாசம் 199 டாலர் சந்தா முறை வந்தப்போ, பழைய கணினி வச்சிருந்தவங்க சந்தா சேரணும்னா போர்டுக்கு 1,500 டாலர் தனியா கட்டணும்னு சொன்னாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் 1,000 ஆக்கினாங்க. எல்லா ஹார்ட்வேரும் உள்ளயே இருக்குன்னு சொல்லி வித்த கார்கள் இவை என்பதை மறந்துடாதீங்க.

3-லேர்ந்து 4-க்குப் போறப்போ அந்த ஒழுங்கும் போச்சு. போர்டோட வடிவம் வேற, கனெக்டர் வேற, மின்சாரத் தேவை வேற, கேமரா வேற. வயரிங்கைப் பிரிச்சு மாத்தணும்னா டேஷ்போர்டு, தூண் கவர் எல்லாத்தையும் கழட்டணும். 2023 தொடக்கத்துல ஈலான் மஸ்க் முதலீட்டாளர் கூட்டத்துல, இந்த மாற்றம் பொருளாதார ரீதியா கட்டுப்படியாகாதுன்னு சொன்னார். 2024 அக்டோபர்ல, ஹார்ட்வேர் 3-ஆல முடியலன்னா பணம் கட்டினவங்களுக்கு இலவசமா மாத்துவோம்னார். 2025 ஜனவரியில, ஆமா, மாத்தித்தான் ஆகணும், கஷ்டமான வேலைதான் ஆனா செய்வோம்னு ஒத்துக்கிட்டார். அந்தத் தொகுப்பை ரொம்பப் பேர் வாங்காதது ஒருவகையில நல்லதுன்னும் சேத்துச் சொன்னார். வாங்கினவங்களுக்கு இதைக் கேக்க எப்படி இருந்திருக்கும்!

2025 ஆகஸ்ட்ல கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம், இந்த ஹார்ட்வேர் வாக்குறுதியை நம்பி வாங்கினவங்க குழுவா வழக்கு நடத்தலாம்னு அனுமதிச்சுது. அந்த அக்டோபர்ல 14-ஆம் பதிப்பு 4-ஆம் தலைமுறைக் கார்களுக்கு வந்துச்சு. 3-காரர்களுக்கு அதோட சுருக்கிய வடிவம் 2026-ல் வரும்னு நிறுவனம் சொன்னது. போர்டு மாத்துறது எப்போன்னு தேதி சொல்லல. 190 கோடி எடை கணக்கை மேல பாத்தோமே, 'சுருக்கிய வடிவம்' என்பதுக்கு அர்த்தம் அதுதான். பெரிய மாடலைக் குழாய்க்கு ஏத்த மாதிரி ஒல்லியாக்குறது.

மாத்திக் கொடுத்தா தரமா இருக்குமா?

போர்டு கிடைச்சா போதும்னு இருக்கிறவங்களுக்கு அடுத்த பயம் இது. அதுக்குக் காரணமும் இருக்கு. எலெக்ட்ரானிக்ஸ் பசங்க கட்டாயம் தெரிஞ்சுக்கவேண்டிய ஒரு ரீகால் கதையை மட்டும் விரிவா சொல்றேன்.

பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்கள்ல, 2018 தொடக்கம் வரை தயாரானதுல, நடுத்திரையை ஓட்டினது டெக்ரா 3 பிராசஸர். அதோட 8 ஜி.பி. ஈ.எம்.எம்.சி. ஃபிளாஷ் மெமரி. ஃபிளாஷ்ல ஒவ்வொரு தடவை அழிச்சு எழுதும்போதும் எலெக்ட்ரான்களை மெல்லிய ஆக்சைடு படலம் வழியா தள்றோம். படலம் தேயும். இந்த வகைக்கு ஆயுள் சுமார் 3,000 தடவை. கார் என்ன பண்ணுச்சு? ஓயாம லாக் எழுதிக்கிட்டே இருந்துச்சு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு போட்ட கணக்குப்படி ஒரு பிளாக் நாளைக்குச் சராசரியா 1.4 தடவை எழுதப்பட்டுச்சு. 3,000-ஐ 1.4-ஆல வகுத்தா 2,143 நாள். ஆறு வருஷம்கூட முழுசா இல்ல.

மெமரி செத்தா ரிவர்ஸ் கேமரா போச்சு, கண்ணாடிப் பனி நீக்குற கன்ட்ரோல் போச்சு, இண்டிகேட்டர் சத்தம் போச்சு. 2021 ஜனவரியில அந்த அமைப்பு சுமார் 1,58,000 கார்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி டெஸ்லாவுக்குக் கடிதம் அனுப்பிச்சு. பிப்ரவரியில டெஸ்லா 1,34,951 கார்களுக்கு ஒத்துக்கிட்டது. ஆனா ஒத்துக்கும்போதே, இப்படிப்பட்ட பாகம் காரோட முழு ஆயுளுக்கும் உழைக்கணும்னு எதிர்பாக்கிறது நியாயமில்லைன்னும் வாதாடிச்சு. எனக்கு இந்த வாதம் ஏத்துக்க முடியல. டயர் தேயும்னு வாங்குறவனுக்குத் தெரியும், கண்ணால பாக்க முடியும், கடையில மாத்திக்க முடியும். போர்டுல சால்டர் பண்ணின மெமரி தேயுறதை அவன் எப்படிப் பாப்பான்?

தீர்வு 64 ஜி.பி. மெமரி. அதே அளவு எழுத்து 8 மடங்கு இடத்துல பரவினா நாளைக்கு 0.175 தடவை. தேய்மானம் சீரா பரவும்னு எடுத்துக்கிட்டா 47 வருஷம். சின்ன சைஸ் சிப்பைத் தேர்ந்தெடுத்து அன்னைக்கு மிச்சம் பிடிச்ச காசும், பின்னாடி ஒரு லட்சத்துக்கும் மேல கார்களைத் திறந்து மாத்தின செலவும் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

புதுத் தலைமுறைக்கும் இது விதிவிலக்கு இல்ல. 2025 ஜனவரியில 2023 முதல் 2025 வரையிலான மாடல்கள்ல 2,39,382 கார்கள் ரீகால் ஆச்சு. கார் உயிர்பெறும்போது மின்சாரம் எதிர்த்திசையில பாய்ஞ்சு கணினி போர்டை ஷார்ட் ஆக்கி, ரிவர்ஸ் கேமரா போயிடுது. பவர் அப் வரிசையை மாத்துற சாஃப்ட்வேர் அப்டேட்தான் மருந்து. ஏற்கெனவே கருகினதுக்குப் புது போர்டு. எந்த ரயில் முதல்ல உயிர்பெறணும் என்ற வரிசையை நம்ம லேப்ல யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. இங்க அதுதான் போர்டை எரிச்சுது.

சென்சாரைக் குறைச்ச கதையும் இருக்கு. 2021 மே மாசம் வட அமெரிக்காவுல ரேடாரை எடுத்தாங்க. 2022 பிப்ரவரியில, காரணமில்லாம திடீர்னு பிரேக் பிடிக்குதுன்னு ஒன்பது மாசத்துல வந்த 354 புகாரை வச்சு, சுமார் 4,16,000 கார்கள் மேல விசாரணை தொடங்கிச்சு. 2022 அக்டோபர்ல பம்பர்ல இருந்த அல்ட்ராசானிக் சென்சாரையும் எடுத்தாங்க. அதுக்குப் பதில் கேமராவே தூரம் சொல்ற வசதி பல மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு. அதுவரைக்கும் பல லட்ச ரூபாய் காரு, பார்க்கிங்ல பீப் அடிக்காம நின்னுச்சு.

நம்ம ஊருக்கு எப்போ?

வந்தாச்சு. 2025 ஜூலை 15-ல் மும்பை பாந்திரா குர்லா வளாகத்துல டெஸ்லா கடை திறந்தது. மாடல் ஒய் 59.89 லட்சம் ரூபாயிலிருந்து. முழுத் தானியங்கித் தொகுப்பு தனியா 6 லட்சம். அந்த வசதி இந்தியச் சாலையில ஓட்டத்துக்கு வராத நிலையிலேயே விலைப்பட்டியல்ல இடம்பிடிச்சிருச்சு. (பி.ஒய். நம்பர் பிளேட்டோட வெளியூர் ஆடம்பரக் கார்கள் சுத்துறது நமக்குப் புதுசில்ல. வரி காரணமா பாண்டியில பதிவாகி வேற ஊர்ல ஓடுற கார்களைப் பத்தி கேரளாவுல பெரிய பிரச்சனையே கிளம்புச்சு. ஆக கடலூர் சாலையில இந்தக் காரைப் பாக்குறதுக்கு முன்னாடி அதோட நம்பரை வேற ஊர்ல பாத்தாலும் ஆச்சரியப்படாதீங்க.)

நமக்கு இன்னும் நெருக்கமான கார் மஹிந்திராவோடது. பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ ரெண்டும் 2024 நவம்பர் 26-ல் சென்னையிலதான் அறிமுகமாச்சு. செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற ஆய்வு மையத்துலயும் செய்யூர் சோதனைத் தடத்துலயும் நம்ம சீனியர்கள் பல பேர் வேலை பாக்கிறாங்க. அந்தக் கார்கள்ல உயர் ரகத்துல அஞ்சு ரேடார், ஒரு கேமரா, மொபிலைஐ சிப். இதுல ஒரு வேடிக்கை: டெஸ்லாவோட முதல் ஆட்டோபைலட் மொபிலைஐ சிப்லதான் ஓடிச்சு, 2016-ல் சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க. அதுக்கப்புறம்தான் அந்த அக்டோபர் அறிவிப்பு. மஹிந்திரா வழி வேற. இன்னைக்கு வேலை செய்யுற உதவி வசதிகளை இன்னைய விலைக்கு விக்கிறாங்க, கேமரா குழம்புற இடத்துல ரேடார் தூரம் சொல்லும். கார் தானா ஓடும்னு ஆசை காட்டல. மழையில, தூசியில, ஹை பீம் வெளிச்சத்துல ரேடார் இருக்கிறதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

சட்டம் என்ன சொல்லுது? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்துல 110ஏ பிரிவு, பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் தருது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறை, 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. ஆனா அது பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு தர்ற பழுதைப் பத்தியது. சொன்ன வசதி வரலங்கிறது அந்த வகையில சேராது. அதுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோட 84-ஆம் பிரிவைத்தான் பாக்கணும். வெளிப்படையா கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் பொருந்தலன்னா தயாரிப்பாளர் பொறுப்புன்னு அது சொல்லுது. ஆக எல்லாம் 'வெளிப்படையா' என்ற சொல்லுல நிக்குது. ஷோரூம்ல சேல்ஸ்மேன் வாயால சொன்னது, மேடையில முதலாளி சொன்னது எதுவும் இதுல எவ்வளவு நிக்கும்னு சொல்ல முடியாது. புக்கிங் ரசீதுல, உத்தரவாதப் புத்தகத்துல எழுதியிருக்கணும். வீட்டுல யாராவது இப்படி ஒரு காருக்கு முன்பணம் கட்டப் போனா, கணினி எந்தத் தலைமுறை, எந்த வசதி இன்னைக்கே ஓடும், எது பின்னாடி, வராட்டி பணம் திரும்புமா, இந்த நாலையும் எழுத்துல வாங்கச் சொல்லுங்க.

இதுக்கிடையில 2025 ஜூலையில, 6-ஆம் தலைமுறைச் சிப்பைத் தயாரிச்சுத் தர சாம்சங்கோட டெஸ்லா 16.5 பில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டுச்சு. 5-ஆவது வரிசையில நிக்குது. மும்பையில அந்த மாசம் கடை திறந்து விக்கத் தொடங்கின கார்ல இருக்கிறது 4.